வெங்காயம், பதினெட்டு லரி

ஐந்தாம் தேதி சம்பளம் வரும்.
எண்ணூற்று அறுபது லரி.
ஷொரெனா கார்டை மேசையில் வைத்துவிட்டுக்
குளிக்கப் போய்விடுவாள்.
அதற்கப்புறம் அது என் பாடு.

சியாத்துராவின் பள்ளத்தாக்குக்கு மேல்
கம்பியில் தொங்கும் பெட்டியை
நாளுக்கு நாற்பது தடவை ஏற்றி இறக்குகிறவள் அவள்.
நான் பத்தொன்பது வருஷம்
அந்த மலைக்குள்ளே மாங்கனீசு தோண்டினேன்.
முதுகில் ஒரு வில்லை நழுவியதும்
சுரங்கம் என்னை மேலே அனுப்பிவிட்டது.
இப்போது கோடு போட்ட நோட்டும்
காதில் செருகிய பென்சிலும்தான் என் உத்தியோகம்.

வங்கி முதலில் எடுத்துக்கொள்ளும்,
என் ஆபரேஷனுக்கு வாங்கிய கடனுக்கு இருநூற்றுப் பத்து.
ஆறாம் தேதி காலையில் பார்த்தால் இருக்காது.
கேஸுக்கு நூற்று நாற்பது. ஜனவரியில் அதுவும் போதாது;
ஒன்பது மணிக்கு ஹீட்டரை அணைத்துவிட்டு
நாலு பேரும் ஒரே அறையில் படுக்கிறோம்.
ரெஸி இதற்கு ‘முகாம்’ என்று பேர் வைத்திருக்கிறான்.
குலிகோ கடையின் நிசியா நோட்டில்
எங்கள் கடனுக்கு இரண்டு பக்கம்:
ரொட்டி, எண்ணெய், சோளமாவு, மறுபடி ரொட்டி.
கூட்டிச் சொல்லும்போது அந்த அம்மாள்
கண்ணாடியைக் கழற்றிவிடுவாள்,
என் முகம் தெரியாமலிருக்க.

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
எவ்வளவு இழுத்துப் பிடித்தாலும்
இருபத்திரண்டாம் தேதி துண்டு விழும்.
நாலு வருஷமாக அதே இருபத்திரண்டு.
பிப்ரவரிக்கு மட்டும் கொஞ்சம் இரக்கம் உண்டு.

சலோமேயின் வகுப்பு
குத்தாயிஸிப் பக்கம் ஒரு குகை பார்க்கக் கிளம்பியது.
ஆளுக்குப் பதினெட்டு லரி.
“இந்த மாசம் வேண்டாம், கண்ணு” என்றாள் ஷொரெனா.
சரி என்றாள் சலோமே.
அந்தச் சரி வந்த வேகம்தான் என்னைக் கடித்தது.
பன்னிரண்டு வயசுக்கு அது ரொம்ப வேகம்.

என் மாத்திரை பதினெட்டு லரி நாற்பது தெத்ரி.
நாற்பது தெத்ரி லாபம் என்று
நோட்டிடமே சொல்லிக்கொண்டு
பணத்தைச் சலோமேயின் கையுறைக்குள் திணித்தேன்.
“பள்ளிக்கூடமே கட்டுதுன்னு அம்மாகிட்ட சொல்லு.”
பிறகு எழுதினேன்:
வெங்காயம், 18.

இருட்டுக்குள் இறங்க எனக்குக் கூலி கொடுத்தார்கள்.
மகள் அதே இருட்டைக் காசு கொடுத்துப் பார்த்து வந்தாள்.
“உள்ளே ஒரு ஆறு ஓடுது, அப்பா!
விளக்கை அணைச்சாங்க.
என் கையே எனக்குத் தெரியல!”
“அப்படியா?” என்றேன்,
முதல் தடவை கேட்கிறவன் மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை இரவு ஷொரெனா நோட்டைப் புரட்டினாள்.
வழக்கமில்லை. முதுகு பிடித்து நான்
சுவரைப் பிடித்தபடி எழுந்ததைப் பார்த்திருக்கிறாள்.
“வெங்காயம் பதினெட்டு லரிக்கா?”
“குளிர்காலம். விலை ஏறிப்போச்சு.”
அவள் மூக்கை உயர்த்தி
சமையலறையை ஒருமுறை முகர்ந்தாள்.
அடுப்பில் லோபியோ வெந்துகொண்டிருந்தது.
மேலே மிதந்தது ஒரே ஒரு வெங்காயம், அதுவும் பாதி.
“எங்கே மத்ததெல்லாம்?”
“கரைஞ்சிடுச்சு” என்றேன்.
ரெஸி சிரித்துவிட்டான். அவள் சிரிக்கவில்லை.
நோட்டை மூடி வைத்துவிட்டு
எனக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனபின்
மேசையில் மாத்திரை அட்டை.
நோட்டில் அவள் கையெழுத்து,
எப்போதும் போல வலப்பக்கம் சாய்ந்து:
பூண்டு, 18.40.

வரவுப் பக்கத்தைத் தேடினேன்.
எங்கிருந்து வந்தது என்று ஒரு எழுத்து இல்லை.
கேட்டால் வெங்காயத்தைப் பற்றிப் பேச வேண்டிவரும்.
கேட்கவில்லை.

அடுத்த ஐந்தாம் தேதி
குலிகோ கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தாள்:
ரொட்டி, எண்ணெய், ரொட்டி,
ரொக்கம் பதினெட்டு நாற்பது,
ரொட்டி.

வீட்டுக்கு ஏறும் படிகளில் பாதியில் நின்று
மூச்சு வாங்கிக்கொண்டேன்.
தலைக்கு மேலே பெட்டி போனது.
கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது அவளா தெரியவில்லை;
கையைத் தூக்கி வைத்தேன்.

பென்சிலைச் சீவி உட்கார்ந்து
இரண்டு தடவை கூட்டிப் பார்த்தாயிற்று.
இந்த மாசம் துண்டு
இருபத்தொன்றிலேயே விழும்.