பொயா நாளுக்கு நாலு சீட்டு

மார்கழிப் பொயாவுக்கு ஒரு நாள் லீவு.
ஒன்றே ஒன்று.
காலர் தைக்கிற பதினோராம் லைன்
அன்றைக்கு மட்டும் மூச்சு விடும்.

எங்கள் அறை வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்பக்கம், மேல்மாடி.
விடிய நாலரைக்கே கொண்டக்டர்மார்
ஊர்களை ஏலம் போடத் தொடங்கிவிடுவார்கள்:
மன்னார் மன்னார், திருகோணமலை,
யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம்.
ஒன்றையும் வாங்காமல்
பல் விளக்கிக்கொண்டு வேலைக்குப் போவோம் நாங்கள்.

இந்த முறை வாங்குவதென்று முடிவு.
எதை என்பதில்தான் சண்டை.

மெர்லின் மடு என்றாள்.
அவளுக்கு ஒரு நேர்த்தி பாக்கி கிடக்கிறது,
என்ன நேர்த்தி என்று கேட்டால் சிரிப்பாள்.

நிலோஜினிக்குக் கடல் வேணும்.
எந்தக் கடலென்றாலும் சரி,
புது நீலச் சுடிதாருக்குப் பின்னால்
அது வந்து நின்றால் போதும்.
"முல்லைத்தீவு கிட்டத்தானே,
போய்த் திரும்ப அஞ்சு மணித்தியாலம்.
தர்மினி, உன்ர ஊர்தானே,
எங்க நல்ல மீன் சாப்பாடு எண்டு சொல்லு."

தர்மினி சம்பலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
"கடை ஒண்டும் தெரியாது எனக்கு" என்றாள்.
பிறகு அந்த வெங்காயத்தைச் சின்னதாக அரிந்தாள்,
இன்னும் சின்னதாக,
எந்தச் சம்பலுக்கும் தேவையில்லாத அளவு சின்னதாக.

நான் இரணைமடு என்றேன்.
வான்கதவு திறந்திருக்கிறதாம்,
பட்டன் அடிக்கிற பெடியன் பார்த்துவிட்டு வந்து
மூன்று நாளாக அதையே கதைக்கிறான்.

பஸ் காசு கூட்டினோம், கழித்தோம்.
கடைசி பஸ் தவறினால் சூப்பர்வைசருக்கு என்ன சொல்வது என்றும்
ஒத்திகை பார்த்தோம்.
"மடுவில கக்கூஸ் துப்புரவு"
என்பது மெர்லினின் இறுதி வாதம்.
பதினொரு மணியாகிவிட்டது.
போகிற இடத்தைவிட இந்த இரவு நீளம் போலிருந்தது.

சட்டைக் கழுத்தில் ஒட்டுகிற அளவுச் சீட்டு
என் பையில் எப்போதும் நாலைந்து கிடக்கும்.
ஆளுக்கொன்று கொடுத்தேன்.
பின்பக்கம் அவரவர் இடத்தை எழுதி மடித்துப்
பால்மா டின்னுக்குள் போட்டோம்.
கீழ்வீட்டுச் சின்னவன் நித்திரை வராமல் ஏறி வந்தான்.
கை விட்டு ஒன்றை எடுத்தான்,
வாயில் வைக்கமுதல் பறித்துப் பார்த்தோம்.
இரணைமடு.

"குளத்தைக் கிட்ட எடுத்தா கடல் மாதிரி இருக்குமோ?"
என்று கேட்டாள் நிலோஜினி.
மெர்லின் போர்வையால் முகத்தை மூடினாள்.

ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம்.
மாங்குளம் சந்தியில்
முல்லைத்தீவுக்குத் திரும்புகிற தெருவை
பஸ் கவனிக்கவில்லை.
ஜன்னல் பக்கத்தில் தர்மினி நித்திரை.
நித்திரை கொள்கிற கை
முன்சீட்டுக் கம்பியை அப்படி இறுக்கிப் பிடிக்காது.

முறிகண்டியில் எல்லாரும் இறங்கினார்கள்.
கச்சானுக்குச் சில்லறை தேடினேன்,
பேர்ஸுக்குள் மிச்சச் சீட்டுகள் மூன்றும் கையில் வந்தன.
மடு, பக்கத்தில் சின்னச் சிலுவை.
கடல், இரண்டு ஆச்சரியக்குறி.
மூன்றாவதன் ஒரு பக்கம் எம் அளவு.
மறுபக்கம் ஒன்றுமில்லை.
பேனை அழுத்திய தடம் இருக்கிறதோ என்று
வெயிலில் பிடித்துப் பார்த்தேன்.
அதுவும் இல்லை.

அதைத் திரும்ப மடித்தேன்.
சுடச்சுடக் கச்சான் நாலு சரை வாங்கினேன்.
கண் திறந்தவள், "எவ்வளவு குடுத்தனீ?" என்று கேட்டாள்.
சொன்னேன்.
"கூட" என்றாள்.

வான்கதவில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு
ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கவில்லை.
நிலோஜினியின் நீலச் சுடிதார்
பத்து நிமிசத்தில் தொப்பலாகிவிட்டது.
தர்மினி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
அணைக்கட்டில் தூரம் வரை தனியாக நடந்தாள்,
திரும்பி வந்து என் காதுக்குள் கத்தினாள்:
"இது நல்லம்.
அங்கால கரை தெரியுது."

பின்னேர பஸ்ஸில் மெர்லின்
என்னிடம் அளவுச் சீட்டு கேட்டு வாங்கி
நாலாகக் கிழித்தாள்.
அடுத்த பொயாவுக்காம்.
நாலிலும் மடு என்று எழுதினாள்,
மறைக்கவும் இல்லை.