காத்திருக்கவா, மூடவா

வெள்ளி மாலை நாலரை. முக்கூடல் பீடிக்கடை.
வரிசையில் பெண்கள், இடுப்பில் சொளவு.
நான் எழுதிய செயலி உறைந்துவிட்டது.
கணக்கர் மசூது திரையைக் கட்டைவிரலால் உரசுகிறார்,
நமத்த தீக்குச்சியை உரசுகிற மாதிரி.

‘செயலி பதிலளிக்கவில்லை.
காத்திருக்கவா, மூடவா?’
கேட்டது போன்.
எல்லாரும் பார்ப்பது என்னை.

தப்பு எனக்குத் தெரியும்.
மெயின் த்ரெட் ஒன்றே ஒன்று.
திரையை வரைவதும் அது,
விரல் பட்டால் ‘என்ன’ என்று திரும்புவதும் அது.
அதைப் போய்ப் பாளையங்கோட்டை சர்வருக்குக்
கூலிப் பேரேடு வாங்கிவர அனுப்பியிருக்கிறேன்.
கல்லாவில் ஆளில்லை.
கடை மட்டும் திறந்து கிடக்கிறது.

புகையிலை மூட்டைமேல் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன்.
தும்மல். எட்டு வரி. மறுபடி தும்மல்.
பேரேட்டுக்கென்று தனி இழை ஒன்றைப் பின்வாசல் வழியே அனுப்பினேன்:
போ, கிடைத்ததும் வந்து சொல்.
திரையை மட்டும் தொடாதே.
சீட்டை முன்னால் இருப்பவனிடம் கொடு,
எழுதுவது அவன்.

இதற்குள் உலகம்மாள்
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி
மகளிடம் நர்சிங் பீஸ் பேசிக்கொண்டே,
பாபநாசம் பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்துக்கொண்டே
கட்டு கட்டிக்கொண்டிருந்தாள்.
இவளைப் பார்த்தே எழுதியிருக்கலாமே என்று
நான் நெகிழ்ந்த நேரம்,
‘இருவத்தஞ்சா, இருவத்தாறா?
ஏட்டி, நீ பீசு இருவத்தாறாயிரம்னு சொன்னதுல
என் எண்ணிக்கை போச்சு பாத்தியா.’
போனை வைத்தாள். நூலை அவிழ்த்தாள்.
ஒவ்வொன்றாக எண்ணினாள்,
வேறெதுவும் செய்யாமல்.

செயலி எழுந்தது. வட்டம் சுழன்றது.
சுழலும்போதே பொத்தான்கள் அழுந்தின.
மசூது அடுத்த பெயரைத் தட்டினார், அதற்கடுத்ததை.
தொகைகள் வந்தன, கேட்ட வரிசையில் அல்ல,
கிடைத்த வரிசையில்.
கடைசியாகக் கேட்ட சாராளுக்கு முதலில்.

உலகம்மாளுக்கு ஆயிரத்து நூற்று நாற்பது.
அது திரைக்கு வந்தபோது அவள் இல்லை.
இந்த பஸ்ஸை விட்டால் ஆறரைக்குத்தான்,
நாளைக்கு வாங்கிக்கிடுதேன் என்று போய்விட்டாள்.
கேட்டவர் போனபின் வந்து சேரும் பதிலை
என்ன செய்வதென்று
நான் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை.

மசூது ரூபாயைப் பொத்திக்கொண்டு
ஒற்றைச் செருப்போடு தெருவில் ஓடினார்.
‘நிறுத்துப்பா, கண்டக்டரே, நிறுத்து!’

கல்லாவில் மறுபடியும் ஆளில்லை.
காத்திருந்தோம்.