ஒரு ஹீட்டர், நான்கு வண்டிகள்

நவம்பர் கடைசி. சஸ்காட்செவன்.
வெளியே மைனஸ் இருபத்தாறு.
கொட்டகையில் ஹீட்டர் ஒன்று.
அதன் சூடு எட்டுவது
ஒரு வண்டி நிற்கும் இடத்துக்கு மட்டும்.

இரண்டு தோணியில் கால் வைக்காதே என்பார்கள்.
எனக்கு நான்கு வண்டி, பதினாறு சக்கரம்.
காற்று நிற்பது ஐந்தில்.

விதைப் பெட்டி அட்டையைக் கிழித்து
தச்சுப் பென்சிலால் எழுதினேன்:
முதலில் ஃபார்கோ.
அடித்தேன்.
முதலில் மெர்க்குரி.

ஐம்பத்தொன்றாம் வருட மெர்க்குரி.
பெட்ரோல் போட வருகிறவன்கூட
அதன் மூஞ்சியை விசாரித்துவிட்டுத்தான் போவான்.
எஞ்சின் இறுகிக் கிடக்கிறது.
கியர் எண்ணெயும் அசிட்டோனும் கலந்து
ஆறு வாரமாகப் புகட்டுகிறேன்,
காலையில் ஒரு மூடி, மாலையில் ஒரு மூடி.
நேற்று ஒரு நூலளவு அசைந்தது.
அல்லது என் ஸ்பானர் வழுக்கியிருக்கும்.

ஃபார்கோ நாற்பத்தெட்டு.
ஓடும். நிற்காது.
புகழ்ந்து சொல்லவில்லை, பிரேக் இல்லை.

இன்டர்நேஷனலின் தரைத்தகட்டு ஓட்டையில்
இந்தக் கோடையில் பார்லி முளைத்துக்
கதிர்கூட விட்டது.
பிடுங்க மனம் வரவில்லை.
பிடுங்கினேன்.

அறுபத்தாறு செவ்ரலே லோர்னுடையது.
சட்டத்தை வளைத்து அறுக்கணுமாம்,
வயிறு தரையை உரச இறக்கணுமாம்,
கத்தரிப்பூ நிறம் அடிக்கணுமாம்.
"இந்தக் கப்பி ரோட்டிலா?"
"இந்தக் கப்பி ரோட்டில்தான், ஒரீசியா."
பெயிண்ட் டப்பா இப்போதே வாங்கியாயிற்று.
அலமாரியில் முதல் ஆளாக உட்கார்ந்திருக்கிறது.

தானியக் கிடங்கில் வெல்டிங் கூலி.
மாத முடிவில் மிஞ்சுவது முன்னூற்றுப் பத்து டாலர்.
ஒரு பம்பருக்குக் குரோம் பூச
ரெஜைனாவில் எண்ணூறு கேட்கிறான்.
விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும், சரி.
என் விரல்களைப் பாருங்கள்,
பத்தும் வீங்கித்தான் இருக்கின்றன.

போல்ட் போட்ட பிஸ்கட் டின்கள்
பதினெட்டு. பதினேழில் பெயர் ஒட்டியிருக்கிறது.
மிச்சமிருக்கும் டின்னில் ஏழு போல்ட்.
எந்த வண்டியுடையது என்று
எனக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது.
இருவரும் மற்றவர்தான் கழற்றியது என்கிறோம்.

சனிக்கிழமை மெர்க்குரியை உள்ளே இழுக்க
பக்கத்துப் பண்ணை வென்டலின்
டிராக்டரோடு வந்தான்.
சங்கிலி மாட்டுமுன் கதவைத் திறந்தேன்.
இருக்கைப் பஞ்சைக் குடைந்து சாம்பல் பூனை ஒன்று,
மடியில் ஐந்து குட்டி. ஒன்றுக்கும் கண் திறக்கவில்லை.

மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
வென்டலின் டிராக்டரை
அத்தனை மெதுவாக ஓட்டி
நான் பார்த்ததே இல்லை.

இப்போது மெர்க்குரி ஹீட்டருக்குப் பக்கத்தில்.
சுத்தியல் சத்தம் கூடாது, கிரைண்டர் கூடாது,
அசிட்டோன் மூடியே திறக்கக் கூடாது.
அட்டையில் லோர்ன் எழுதியிருந்தான்:
முதலில் பூனை.
கீழே, கொஞ்சம் சின்னதாக: கத்தரிப்பூ?
அதை மட்டும் அடித்தேன்.

ஆகவே வெளியே, பனியில், ஃபார்கோ.
பத்து நிமிடம் வேலை,
இருபது நிமிடம் கை அக்குளில்.
பழைய சிலிண்டர் உடைந்து வந்தது,
புதியது சேர நாலு நாள் ஆனது.
அதைப் பூட்ட இரண்டு போல்ட் குறைந்தது.
பெயரில்லாத டின்னில் தேடினோம்.
பொருந்தின.
மிச்சம் ஐந்து.

இருட்டிவிட்டது. நான் ஸ்டீயரிங்கின் பின்னால்.
அவன் அட்டை விரித்து வண்டிக்கு அடியில்,
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு.
"மிதி" என்கிறான்.
கால் தரைவரை போகிறது, ஒன்றுமே இல்லாததுபோல்.
"பிடி."
"விடு."
"மிதி."

எத்தனையாவது தடவை என்று எண்ணவில்லை.
உள்ளே குட்டி ஒன்று கத்தியது.
பாதி வழியில்
என் கால் எதன் மேலோ நின்றது.

சொல்லவில்லை நான் உடனே.
"இன்னொரு தடவை" என்கிறான் அடியிலிருந்து.
மிதிக்கிறேன்.