வரிசை எண் ஒன்பது

ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்ன மூன்றாம் நாள்
உரிகம் ஏரிக்கரைப் புளியமரத்தடியில்
பதினேழு நாட்டுத்துப்பாக்கிகள் கிடந்தன.
எதிலும் பெயர் இல்லை.
வழக்கு வராது என்று சொல்லியிருந்தோம்,
தமிழில், பிறகு கன்னடத்தில், பிறகு தெலுங்கில்.
மூன்று மொழியிலும் நம்பவில்லை,
இருட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அஞ்செட்டி நிலையத்தின் பின்கட்டில்
சாக்கு விரித்து உட்கார்ந்தேன்.
ஆயுதப்படையில் இருபத்திரண்டு வருடம்.
குழலுக்குள் ஒன்றும் இல்லை என்று
கையெழுத்துப் போடுவது என் உத்தியோகம்.

முதல் எட்டில் வந்தவை
சைக்கிள் பால்ரஸ், லாடத்து ஆணித்துண்டு,
பல்லால் கடித்து நசுக்கிய மீன்வலை ஈயம்.
ஒன்றில் வெறும் கூழாங்கல்.
கிடைத்ததைத் திணித்து
சத்தம் வந்த பக்கம் சுட்டவர்கள்.

ஒன்பதாவதில் அதன் குச்சியையே இறக்கினேன்.
குச்சியில் இரண்டு வெட்டுக்கோடு.
வெறுங்குழலுக்கு ஒன்று, நிறைகுழலுக்கு ஒன்று.
நிறைகுழல் கோடு
வாய் விளிம்பில் மயிரிழை பிசகாமல் நின்றது.
அரூர்ப் பையன் பச்சியப்பன்
எழுந்து சுவரோரம் போனான்.

சுத்திக்கும் கேப்பு உட்காரும் மூக்குக்கும் நடுவே
செருப்புத்தோல் வைத்துக் கட்டியிருந்தது.
குழல் வாயில் சோளத்தக்கை அடைப்பு.
எடுக்கப்போகிற கையை
யாரோ நினைத்திருக்கிறான்.

தண்ணீர் விட்டு மருந்தை ஊறப்போட்டேன்,
இரண்டு டீ குடிக்கிற நேரம்.
திருகாணி இறக்கி இழுத்தேன்.
மாட்டேன் மாட்டேன் என்றது,
பிறகு ஒரு பெருமூச்சோடு வந்தது.

ஈயக்குண்டு. கழற்சிக்காயில் பாதி.
வார்த்த காம்பை அரத்தால் வழித்து
அந்த முகம் நேர்மேலே பார்க்க
உட்கார்த்தியிருந்தான்.
சுற்றிலும் விளக்கெண்ணெயில் ஊறிய துணி,
ஒற்றை மடிப்பு, நீலத்தில் வெள்ளைப் புள்ளி,
பலமுறை துவைத்து மெலிந்தது.

அடகுக்கடைத் தராசு வாங்கிவரச் சொன்னேன்.
எதற்கு என்று கேட்காதீர்கள்.
ஒற்றைக் குண்டை நிறுத்து என்ன தெரியப்போகிறது?
பத்தோ இருபதோ பக்கத்தில் வைத்துத்தான்
அவன் இதை எடுத்திருப்பான்.
இதில் குமிழி, இது கனம் போதாது,
இது தட்டில் உருட்டினால் நொண்டுகிறது.
கழித்ததெல்லாம் மறுபடி உருகி
அவன் வீட்டு இரும்புக் கரண்டியில்
இறுகிக் கிடக்கும்.

காலி செய்யாமல் வைத்தது திமிர் என்றான் பச்சியப்பன்.
காலி செய்ய அவனுக்குத் தெரிந்த வழி
சுடுவது ஒன்றுதான்.
சுட்டால் மலை முழுக்கக் கேட்கும்.

போன ஐப்பசியில் தளி பக்கம்
காட்டுப்பன்றி சுட உத்தரவு வந்தது.
வனத்துறையோடு என்னையும் அனுப்பினார்கள்.
கம்பெனித் தோட்டா, எல்லாம் ஓர் அச்சு.
பெட்டிக்குள் கைவிட்டு
விரலில் பட்டதை எடுத்தேன்.
இடுப்பில் அடித்தேன்.
ராகித்தாளில் ரத்தம் பார்த்துப் பார்த்து
டார்ச்சோடு விடியும்வரை நடந்தோம்.
கிடைக்கவில்லை.
அறிக்கையில் ‘சுடப்பட்டது’ என்று எழுதினோம்.
அது பொய்யும் இல்லை.

பதிவேட்டில்
குழல் நீளம், கட்டையின் நிறம், துரு.
உள்ளே இருந்தது என்ற கட்டத்தில்
மேலே எட்டு வரியும் ‘சில்லறை’.
இதற்கு நேரே ‘ஒன்று’ என்று எழுதிவிட்டு
கொஞ்ச நேரம் பேனாவை மூடாமல் இருந்தேன்.

துணியைச் சோப்புப் போட்டு அலசி
என் பனியனுக்குப் பக்கத்தில் கொடியில் போட்டேன்.
சாயந்திரத்துக்குள் காய்ந்துவிட்டது,
எண்ணெய் வாடை மட்டும் போகவில்லை.