முதல் சீட்டு

ஆறு டீம், நாற்பத்திரண்டு பேர்.
சைதாப்பேட்டை பரோட்டா கடை மாடியில்
ஞாயிறு பதினொரு மணிக்கு ஆள் எடுப்பு.
ஃபேன் சுற்றியது, காற்று வரவில்லை.
எவர்சில்வர் தூக்கில் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள்.
எனக்கு ஒன்று விழுந்தது.

ஒன்று விழுந்தவன் ஃபார்வர்டைத்தான் எடுப்பான்.
போன வருஷம் கஸ்பாக்காரர்கள் எடுத்தார்கள்.
அதற்கு முந்தின வருஷம் நாங்களே எடுத்தோம்:
பன்னிரண்டு கோல் போட்டோம்,
பதினேழு வாங்கினோம்.
தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று
எங்கள் ஊரைச் சொல்லும் பழைய கேலியில்
ஒன்று விட்டுப்போயிற்று:
ஸ்டாப்பர் இல்லாத டீம்.

இந்தத் தடவை கணக்குப் போட்டிருந்தேன்,
நைட் டூட்டியில், பழைய ஃபிலிம் உறையின் முதுகில்.
முதலில் ஸ்டாப்பர், எபினேசர்.
கொணவட்டத்தில் லாரிக்குப் பாடி கட்டுகிறவன்.
பந்தைப் பார்க்க மாட்டான்,
பந்து வரப்போகிற இடத்தைப் பார்ப்பான்.
அடுத்து கோலி. கோலியை எல்லோரும் கடைசியில்தான் நினைப்பார்கள்,
தாம்பூலப் பைக்குத் தேங்காய் சொல்வதுபோல.
மூன்றாவது இடது பேக், ஏனென்றால்
மைதானம் அகழிப் பக்கம் சரிந்திருக்கிறது,
எல்லாப் பந்தும் கடைசியில் அங்கேதான் உருளும்.
(இரண்டாம் பாதியில் அது வலது பேக் ஆகிவிடும்.
அந்தக் கவலையை அப்போது பட்டுக்கொள்ளலாம்.)
ஃபார்வர்டா? பசியுள்ள எவனும் போதும்.

உறையில் எழுதாத ஒன்று இருந்தது.

வியாழன் ராத்திரி இரண்டேகாலுக்கு
ஸ்கேன் மேஜையில் வந்து படுத்தவன் சர்ஃபராஸ்.
இடது காலால் அவனைப்போல் வளைத்து அடிக்க
இந்த ஜில்லாவில் ஆளில்லை.
மோதிரம், அரைஞாண், பல்செட் இருக்கா என்று
எல்லோரையும் கேட்பதையே அவனையும் கேட்டேன்.
குழாய்க்குள் போகிறபோது சிரித்தான்:
"அண்ணே, ஞாயித்துக்கெழம வரைக்கும் நீ என்னப் பாக்கல."

ரிப்போர்ட் எழுதுவது டாக்டர்.
நான் பொத்தான் அமுக்குகிறவன்.
ஆனால் பதினாலு வருஷமாகக் கண் இருக்கிறது.
முட்டிக்குள் கறுப்பு நாடாவாக விறைத்து நிற்க வேண்டியது
ஈரச் சணல்போல் பிரிந்து கிடந்தது.

நான் எடுக்காவிட்டால் இரண்டாம் சீட்டு எடுக்கும்.
இரண்டாம் சீட்டு சத்துவாச்சாரி.
ஊசி போட்டாவது கடைசி விசில்வரை ஓடவிடுவார்கள்.
சொல்லிவிடலாமா?
அந்த அறையில் பார்த்தது அந்த அறையோடு.
வேலையில் சேர்ந்த அன்று, சம்பளம் எவ்வளவு என்பதற்கு முன்னாலேயே
சொல்லிக்கொடுத்தது அதைத்தான்.
சுவரோரம் நின்றிருந்தான், பாரம் முழுக்க ஒரே காலில்.
எடுக்கப்படுகிறவனுக்கு மூவாயிரம் ரூபாய்,
ஒரு ஜோடி ஷூ.

"தோட்டப்பாளையம், சொல்லு."
எபினேசர் என்ற பேர் நாக்கில் இருந்தது.
விழுங்கிவிட்டேன்.
"சர்ஃபராஸ்."

கைதட்டினார்கள்.
எங்கள் லோகு மட்டும் முழங்கையைக் கிள்ளினான்:
"ராத்திரி பூரா ஸ்டாப்பர் ஸ்டாப்பர்னு ஓதினியேய்யா!"
அடுத்த மூச்சில் எபினேசர் சத்துவாச்சாரிக்குப் போனான்.

முதல் மேட்ச் அவர்களோடுதான்.
சர்ஃபராஸை ஓரத்தில் உட்காரவைத்து
இரண்டாம் பாதியில் இறக்குகிறேன் என்றேன்.
இரண்டாம் பாதியில், அடுத்த மேட்ச் என்றேன்.
அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
ஏன் என்று கேட்கவில்லை.
ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் வந்தது, யார் சொன்னது தெரியாது.
ஐந்து கோல் வாங்கினோம்,
ஐந்தும் நடுவே ஆளில்லாத ஒரே வழியில்.

லோகு இன்னும் பேசுவதில்லை.
காசு வாங்கிக்கொண்டு ஆளை உட்காரவைத்தேன் என்று
கடைத்தெருவில் ஒரு பேச்சு.
ஆனால் கணக்கு தப்பில்லை, இப்போதும் சொல்கிறேன்:
முதல் சீட்டு விழுந்தால் ஸ்டாப்பரை எடுங்கள்,
யோசிக்காதீர்கள்.

அன்றைக்குக் கடைசிப் பத்து நிமிஷம்
கோட்டின் இந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே
"எடது! எடது மூடு!" என்று கத்திக்கொண்டிருந்தான்.
எங்கள் பையன் போய்ச் சேர்வதற்குள் பந்து போயிருக்கும்.
புது ஷூவில் மண் படவில்லை.
லேஸை அவிழ்ப்பான்,
மறுபடியும் கட்டுவான்.