வேறு வாசல்

ரகசியம் சொல்லிவிட்டு, மூச்சு விடாதே என்பார்கள்.
இப்போது தாராளமாக விடலாம்.
என் மூச்சுக்கு ஒரு வாசல், பேச்சுக்கு வேறு வாசல்.
நடுவில் புன்டா அரீனாஸ் மருத்துவர்
எட்டு மணி நேரம் நின்று சுவர் எழுப்பினார்.

பேச வேண்டுமானால் கழுத்துத் துளையைக்
கட்டைவிரலால் அடைக்க வேண்டும்.
ஆகவே குதிரைமேல் நான் ஊமை.
ஒலெகாரியோ வேலியைக் கோணலாய்க் கட்டும்போது
இறங்கி, கையுறை கழற்றி, விரலைத் துடைத்து,
அடைத்து, "முட்டாளே" என்பதற்குள்
கோபம் ஆறிவிடுகிறது.
குடும்பம் முன்னைவிடச் சுமுகம்.

கம்பளி வியாபாரி போனில் "சொல்லுங்க ஐயா" என்கிறான்.
முதல் மாதம் அழுதேன்.
இரண்டாம் மாதம் ஐயாவாகவே பேரம் பேசினேன்.
கிலோவுக்கு நாற்பது பேசோ கூடுதல்.

சூப்பை ஊதி ஆற்ற வாயில் காற்றில்லை.
தங்கை மகன் பிறந்தநாளுக்கு
குனிந்து, கழுத்தால் மெழுகுவத்தி அணைத்தேன்.
பிள்ளைகள் கத்தினார்கள்: இன்னொரு தடவை!

இந்தப் பக்கத்துக் காற்று மரத்தை வளைத்தே வளர்க்கும்.
முன்பு முகத்தில் அறையும், அவ்வளவுதான்.
இப்போது துணியை விலக்கி, மண்ணோடு,
என்னைக் காலி பாட்டில் என்று நினைத்து
ஊதிப் பார்க்கிறது.

இதெல்லாம் பழகிவிட்டது.
விசில்தான்.

நீளமாய் ஒன்று என்றால் தீஸ்னே இடப்பக்கம் ஓடும்.
குட்டையாய் இரண்டு, வலம்.
தேய்ந்து இறங்கினால் படுத்துவிடும்.
ஏழு வருடம் எங்களுக்குள் வேறு பாஷை இல்லை.
வீடு திரும்பிய அன்று இரண்டு விரலை வாயில் வைத்தேன்.
உதடு இருந்தது, நாக்கு சரியாக மடிந்தது,
காற்று கீழேயே இறங்கிப் போய்விட்டது.
துளையை அடைத்துக் கூப்பிட்டேன்:
கன்றுக்குட்டி ஏப்பம் மாதிரி ஒன்று.
தீஸ்னே தலையைச் சாய்த்து
எனக்குப் பின்னால் பார்த்தது,
நான் எப்போது வருவேன் என்று.

ஏப்ரலில் ஒருநாள்
மந்தை பள்ளத்தை நோக்கிச் சரிந்தது.
கத்த முடியாமல் கைவீசி ஓடினேன்,
மூச்சிரைத்து, கழுத்திலிருந்து இருமல் வெடித்தது.
நாய் சட்டெனப் படுத்தது.
இன்னொரு இருமல்.
எழுந்து, வளைந்து, இடப்பக்கம் பாய்ந்தது.

குளிர்காலம் முழுக்கக் கட்டிலடியில் படுத்துக்கொண்டு
அது என்னைப் பாடம் பண்ணியிருக்கிறது.

இப்போது என்னிடம் மூன்று பொய் இருமல், ஒரு நிஜம்.
வித்தியாசம் அதற்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்,
எனக்கு ஜலதோஷம் பிடித்து
நானூறு ஆடும் இரண்டு நாள்
கொட்டகையைச் சுற்றிச் சுற்றி வரும்வரை.