ஆற்றைக் காணாத மரம்

சந்தனமடு ஆற்றைப் பற்றி
கரையில் நிற்கும் மருதிடம் கேட்டுப் பயனில்லை.
காலடியிலேயே தண்ணீர் கிடக்கிற மரம்.
அதற்கு எல்லா வருசமும் நல்ல வருசம்.
வெட்டிப் பார்த்தால்
சம்பளக்காரன் வீட்டுக் கணக்குக் கொப்பிபோல்
ஒரே அகலத்தில் வளையங்கள்.

தாகம் தெரிந்த மரம் வேண்டும்.

அதனால் ஆற்றை விட்டு
மேற்கே பல கட்டை போனோம்.
குடும்பிமலைப் பக்கம், கற்பாறை வெடிப்பில்
வேரைச் செருகிக்கொண்டு நின்றன ஏழு முதிரைகள்.
அவை ஆற்றைக் கண்டதேயில்லை.
ஆற்றுக்குப் போகிற மழை
முதலில் அவற்றின் தலையில் விழுகிறது, அவ்வளவுதான் உறவு.

துளைகருவி சுவீடனில் செய்தது.
முதிரையை நினைத்துச் செய்ததல்ல.
இரண்டு கையாலும் திருகத் திருக
உள்ளே எதையோ நெரிப்பதுபோல் கத்தியது.
நாலாவது மரத்தில் முனை முறிந்தது.
"ஷெல் துண்டாக்கும்" என்றார் சாரதி குலநாயகம்.
ஏறாவூர் மில்லில் வாள் போனாலும்
எல்லாரும் முதலில் சொல்வது அதைத்தான்.
இல்லை. வெறும் வைரம்.
மரம் தன் பாட்டுக்கு இறுகியிருந்தது.

புது முனை வர இரண்டு மாதம்.
பென்சில் தடிப்பில் உருவி எடுத்த கோல்களை
சித்தாண்டிச் சந்தியில் வாங்கிய
ஜூஸ் ஸ்ட்ரோக்களுக்குள் இட்டு ஒட்டினேன்.
பிறகு உப்புத்தாள், பிறகு அதைவிட மெல்லிய உப்புத்தாள்,
பிறகு நுணுக்குக்காட்டி.
ஒரு மரம் இடைமழை ஒன்றுக்கு ஏமாந்து
ஒரே வருசத்தில் இரண்டு கோடு போட்டிருந்தது.
இன்னொன்று ஒரு வருசத்தை எழுதவேயில்லை;
மற்ற ஆறும் எழுதியிருந்ததால் பிடிபட்டது.

ஆற்றுக்கும் ஒரு கொப்பி இருந்தது.
மட்டக்கோல் வாசிப்பாளர் பூபாலப்பிள்ளை
காலை ஆறு மணி, மாலை ஆறு மணி,
அடியும் அங்குலமுமாக எழுதியது.
ஒரு மார்கழியில் எண் இல்லை:
"கோல் தெரியவில்லை. வெள்ளம்."
எண்பத்தைந்து ஆனியில், பன்னிரண்டாம் திகதியோடு
எழுத்து நிற்கிறது.
அதன் பிறகு ஏழரை வருசம்
ஆறு ஓடியதற்கு ஆதாரம் இல்லை.

அந்த ஏழரைக்குள்தான் கிடந்தது,
எண்பது வருசத்தில் ஆக அகலமான வளையம்.
ஏழு மரத்திலும்.

கணினி சொன்ன கணக்கு:
வழக்கமான மாரி ஓட்டத்தில் ஏறக்குறைய இரண்டு பங்கு,
காற்பங்கு கூடலாம், குறையலாம்.

ஈரளக்குளத்து வட்டையில்
அந்த மாரிக்கு விதைக்க ஆளில்லை.
இரண்டு போகத்துக்குப் போதுமான தண்ணீர்
வரம்பு உடைந்த வயல்களுக்குள்ளால்
கேட்பாரில்லாமல் போய்
வாவியில் விழுந்து, முகத்துவாரத்தால் கடலுக்குப் போனது.
அந்தப் போகத்தின் விளைச்சல் என்று
இன்றைக்குக் கையில் இருப்பது
முதிரைக்குள் மூன்றரை மில்லிமீற்றர்.

ஜீப்பில் வரும்போது குலநாயகத்திடம் சொன்னேன்.
கியரை மாற்றினார்.
கிரான் பாலம் வரும்வரை ஒன்றும் பேசவில்லை.
"நாங்க அப்ப பள்ளிக்கூடத்துக்க கிடந்த,
நாப்பது குடும்பம்.
தகரத்தில விழுந்த சத்தம் தெரியும்.
எவ்வளவு எண்டு
ஆர் அளந்த?"

அறிக்கையில் எண்ணைப் போட்டேன்,
பிழைவீச்சோடு, சாய்வெழுத்தில்,
அளந்ததல்ல, மதிப்பிட்டது என்று தெரியும்படி.

கொப்பியில் போடவில்லை.
அதில் பூபாலப்பிள்ளை
மாதத் தொடக்கத்திலேயே கோடு கீறி
திகதிகளை எழுதி வைத்திருக்கிறார்:
பதின்மூன்று, பதின்நான்கு, பதினைந்து,
ஆனி முப்பது வரை.
நீல மை.
ஒவ்வொன்றுக்கும் நேரே, காலைக்கு ஒரு கட்டம்,
மாலைக்கு ஒரு கட்டம்.